பிள்ளைகளின் வயதறிந்து நல்ல கிறிஸ்தவப் புத்தகங்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

அட்டையில் சிலுவையோ புறாவோ அச்சிடப்பட்டிருப்பதால் மட்டும் ஒரு புத்தகம் பிள்ளையின் கையில் கொடுக்கத் தகுந்ததாகிவிடாது. கிறிஸ்தவப் பதிப்பகம் வெளியிட்டது, ஞாயிறு பள்ளியில் பரிசாகக் கொடுத்தது, பக்கத்துக்குப் பக்கம் வசனம் உள்ளது என்பவையெல்லாம் நல்ல அறிகுறிகளே தவிர உத்தரவாதங்கள் அல்ல. வயது, படங்கள், எழுத்தின் அளவு ஆகியவற்றைப் பார்ப்பதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்தப் புத்தகத்தை மூடி வைக்கும் பிள்ளை கடவுளைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கும்? நான் நல்ல பிள்ளையாக இருந்தால்தான் அவர் என்னை நேசிப்பார் என்று நினைக்குமா, தவறு செய்தால் தண்டிக்கக் காத்திருக்கிறார் என்று நினைக்குமா, அல்லது நான் தேடும் முன்பே அவர் என்னைத் தேடி வந்தார் என்று நினைக்குமா? பின்வரும் யோசனைகள் எல்லாமே இந்தக் கேள்வியிலிருந்து கிளைப்பவை.

சகேயுவின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அநேகமாக எல்லாச் சிறுவர் வேதாகமங்களிலும் அது இருக்கும். லூக்கா 19ஆம் அதிகாரத்தில் இயேசு மரத்தடியில் நின்று, அந்த வரிவசூலிப்பவனைப் பெயர் சொல்லி அழைத்து, இன்று உன் வீட்டில் தங்க வேண்டும் என்கிறார். அதன் பிறகுதான் சகேயு தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகவும் சொல்கிறான். சில படக்கதைகளில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. சகேயு வருந்துகிறான், இனி ஏமாற்ற மாட்டேன் என்று தீர்மானிக்கிறான், அதைக் கண்டு மகிழ்ந்த இயேசு அவன் வீட்டுக்கு வருகிறார். மரமும் இருக்கிறது, விருந்தும் இருக்கிறது, ஆனால் கதை வேறொன்றாகிவிட்டது. இரண்டு நிகழ்ச்சிகள் இடம் மாறியதில் கிருபை கூலியாக மாறிவிட்டது. இந்த வகை மாற்றத்தைக் கண்டுபிடிக்க இறையியல் பட்டம் தேவையில்லை. புத்தகத்தை ஒரு பக்கமும் வேதாகமத்தை மறுபக்கமும் திறந்து வைத்துப் படித்தாலே போதும்.

வாங்கும் முன் திறந்து பார்க்க வேண்டிய மூன்று இடங்கள்

சிறிய புத்தகமானால் முழுவதையும் நின்ற இடத்திலேயே படித்துவிடலாம். முந்நூறு பக்கச் சிறுவர் வேதாகமமானால் நோவா, யோனா, சிலுவை ஆகிய மூன்று கதைகளை மட்டுமாவது படித்துப் பாருங்கள். ஆசிரியரின் துணிவும் நேர்மையும் இந்த மூன்று இடங்களில் வெளிப்பட்டுவிடும்.

நோவாவின் கதையைச் சிறுவர் நூல்கள் பெரும்பாலும் ஒரு மிருகக்காட்சிசாலைப் பயணமாகவே வரைகின்றன. கப்பலின் சன்னல் வழியே ஒட்டகச்சிவிங்கி தலையை நீட்டிக்கொண்டிருக்கும். மூன்று வயதுக் குழந்தைக்கு அது போதும். நீரில் மாண்டவர்களைப் பற்றி அந்த வயதில் சொல்ல வேண்டிய அவசியமில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கான புத்தகமும் அதே இடத்தில் நின்றுவிட்டால் அது குறைபாடு. மனிதரின் கொடுமையைக் கண்டு கடவுள் துயருற்றார் என்பதும், இனி அப்படிச் செய்யமாட்டேன் என்று வானவில்லை அடையாளமாக வைத்து அவர் உடன்படிக்கை செய்தார் என்பதும் அங்கே இருக்க வேண்டும்.

யோனா சிறுவர் நூல்களில் அதிகம் வெட்டுப்படும் கதை. மீன் அவரை விழுங்கியது, கக்கியது, அவர் நினிவேக்குப் போனார், மக்கள் மனந்திரும்பினார்கள், கதை முடிந்தது. பாடம், கீழ்ப்படிய வேண்டும். ஆனால் நான்கு அதிகாரங்களே உள்ள அந்த நூலின் உயிர் கடைசி அதிகாரத்தில் இருக்கிறது. எதிரிகள் மன்னிக்கப்பட்டதற்காகக் கோபித்துக்கொண்டு நகருக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் யோனாவிடம், லட்சத்து இருபதினாயிரத்துக்கும் அதிகமான மனிதரும் மிகுதியான மிருகங்களும் உள்ள அந்த நகருக்காக நான் பரிதபிக்க வேண்டாமா என்று கடவுள் கேட்கும் கேள்வியோடு அது நிற்கிறது. பிள்ளைகளுக்குக் கோபம் என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். வகுப்பில் தன்னை அடித்தவனை ஆசிரியர் மன்னித்துவிட்டால் ஏற்படும் எரிச்சலை அறிந்த பிள்ளைக்கு யோனாவின் முகம் உடனே புரியும். அந்த அதிகாரத்தை விடாமல் சொல்லும் புத்தகம் மற்றக் கதைகளையும் மதிப்போடு நடத்தியிருக்க வாய்ப்பு அதிகம்.

சிலுவைக் காட்சியில் இரண்டைப் பாருங்கள். முதலாவது, உயிர்த்தெழுதல் அடுத்த பக்கத்திலேயே வருகிறதா என்பது. படுக்கை நேரத்தில் கதை படிக்கும்போது ஒரு பிள்ளையைக் கல்லறையோடு விட்டுவிட்டு விளக்கை அணைக்கக் கூடாது. இரண்டாவது, இயேசுவைக் கொன்றவர்கள் 'யூதர்கள்' என்று மொத்தமாகப் பழி சுமத்துகிறதா என்பது. இயேசுவும் மரியாளும் பன்னிரு சீடரும் யூதர்களே. சிலுவைத் தீர்ப்பை வழங்கியவன் ரோம ஆளுநன் பிலாத்து. இதை மறந்து, கோணல் மூக்கும் கொடூரக் கண்ணுமாக யூதரை வரையும் படங்கள் பழைய நூல்களில் இன்னும் உலவுகின்றன. அவற்றை அப்படியே ஒதுக்கிவிடுவது நல்லது.

சிறு சேர்க்கைகளைக் கண்டு பதற வேண்டியதில்லை. மத்தேயு ஞானிகளின் எண்ணிக்கையைச் சொல்லவில்லை; ஏதேனில் இருந்த கனி ஆப்பிள் என்று ஆதியாகமம் சொல்லவில்லை; பெத்லகேம் பயணத்தில் கழுதையும், இடமில்லை என்று கதவை மூடும் சத்திரக்காரனும் லூக்காவில் இல்லை. இவை கதை சொல்பவர்கள் காலங்காலமாகச் சேர்த்த நகைகள். பிள்ளை கொஞ்சம் வளர்ந்ததும், படத்தில் இருப்பவற்றில் எவை வேதாகமத்தில் இல்லை என்று கண்டுபிடிக்கும் விளையாட்டாகவே இதை ஆக்கலாம். கதையை நிரப்பும் சேர்க்கையைப் பொறுத்துக்கொள்ளலாம். சகேயுவின் கதையில் நடந்ததுபோல் கதையைத் திருப்பிவிடும் மாற்றத்தை ஏற்கக் கூடாது.

நீங்கள் எந்தச் சபையைச் சேர்ந்தவர் என்பதும் இங்கே பொருட்படுத்த வேண்டிய ஒன்று. கத்தோலிக்க வேதாகமத்தில் 73 நூல்கள், புரட்டஸ்தாந்து வேதாகமத்தில் 66. ஆகவே தோபித்தின் கதை ஒரு சிறுவர் வேதாகமத்தில் இருக்கும், மற்றொன்றில் இருக்காது. ஞானஸ்நானம், திருவிருந்து, மரியாள், புனிதர்கள் ஆகியவற்றைப் பற்றிய பக்கங்களை முதலில் புரட்டிப் பார்த்தால் நூல் எந்த மரபிலிருந்து வருகிறது என்பது தெரிந்துவிடும். கத்தோலிக்க நூல்களின் பதிப்புரிமைப் பக்கத்தில் காணப்படும் 'இம்ப்ரிமாத்தூர்' என்ற ஆயரின் அனுமதி, நூலில் கோட்பாட்டுப் பிழை இல்லை என்பதற்கானது. நூல் சுவையாக இருக்கிறதா, பிள்ளைக்குப் புரியுமா என்பதற்கு அது பொறுப்பேற்காது. பெயர்கள் எழுதப்பட்டிருக்கும் முறையும் முடிந்தவரை உங்கள் ஆலயத்தில் வாசிக்கப்படும் மொழிபெயர்ப்போடு ஒத்துப்போனால், ஞாயிற்றுக்கிழமை கேட்டவரும் புத்தகத்தில் வருபவரும் ஒருவரே என்று சிறு பிள்ளைக்கு விளங்கும்.

மூன்று வயது வரை

இந்த வயதுக்கு அதிகம் தேடி அலைய வேண்டாம். கடித்தாலும் கிழியாத தடித்த அட்டைப் பக்கங்கள், பக்கத்துக்கு ஒரு வாக்கியம், தெளிவான ஒரு படம், திரும்பத் திரும்ப வரும் ஓசை ஆகியவை போதும். கடவுள் உலகைப் படைத்தார், உன்னையும் படைத்தார், இயேசு பிள்ளைகளை அருகில் அழைத்தார் என்ற மூன்று செய்திகளுக்கு மேல் அங்கே தேவையில்லை. உருவகமாகப் பேசும் புத்தகங்களை மட்டும் சற்றுத் தள்ளி வையுங்கள். இயேசு உன் இதயத்துக்குள் இருக்கிறார் என்று படித்தால், அவர் எப்படி உள்ளே போனார், மூச்சு முட்டாதா என்று குழந்தை உண்மையாகவே கவலைப்படும்.

நான்கு முதல் ஆறு வரை

வீட்டில் ஒரே ஒரு கிறிஸ்தவப் புத்தகத்துக்குத்தான் இடமுண்டு என்றால், அதை இந்த வயதில் வாங்குங்கள். அது நல்ல சிறுவர் வேதாகமமாக இருக்கட்டும். இந்த வயதில் கேட்ட கதைகள்தான் வேதாகமம் என்ற பெரிய நூலின் வரைபடமாகப் பிள்ளையின் மனதில் பதிகின்றன. எனவே முதலில் பொருளடக்கத்தைப் படியுங்கள். பல நூல்கள் தானியேலையும் யோனாவையும் முடித்துவிட்டு நேராகப் பெத்லகேமுக்குத் தாவும்; உயிர்த்தெழுதலோடு நின்றுவிடும்; பெந்தெகொஸ்தே நாளோ பவுலின் பயணங்களோ இருக்காது. ரூத், அன்னாள், நாகமானின் வீட்டிலிருந்த பெயரில்லாச் சிறுமி, லீதியாள் போன்றோர் இடம்பெற்றிருக்கிறார்களா என்றும் பாருங்கள். போர் வீரர்களும் அரசர்களும் மட்டுமே நிறைந்த பொருளடக்கம், கடவுள் பெரியவர்களோடு மட்டுமே வேலை செய்கிறார் என்று சொல்லாமல் சொல்லிவிடும்.

அடுத்து, ஒவ்வொரு கதையின் கடைசி வரியையும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. கிடைக்கும் தெளிவோ அதிகம். 'தாவீதைப் போலத் தைரியமாக இரு', 'தானியேலைப் போல ஜெபம் செய்', 'யோசேப்பைப் போல மன்னி' என்று எல்லாக் கதைகளும் அறிவுரையில் முடிந்தால், அது வேதாகமக் கதைகளைக் கொண்டு எழுதப்பட்ட ஒழுக்க நூல். அறிவுரைகளில் பிழையில்லை. ஆனால் கதையின் நாயகர் கடவுள் என்பது மறைந்து, தாவீதும் தானியேலும் எட்ட முடியாத முன்மாதிரிகளாக நிற்கிறார்கள். இருட்டில் தனியே குளியலறைக்குப் போகவே பயப்படும் ஐந்து வயதுப் பிள்ளைக்குத் 'தைரியமாக இரு' என்ற கட்டளையைவிட, கடவுள் தாவீதோடு இருந்தார் என்ற செய்திதான் உதவும்.

படங்களை வார்த்தைகளை விட்டுத் தனியாகப் பாருங்கள். இந்த வயதுப் பிள்ளைகள் அப்படித்தான் 'படிக்கிறார்கள்'. இயேசு எல்லாப் படங்களிலும் பொன்னிற முடியும் நீலக் கண்ணுமாக இருக்கிறாரா, மேற்கு ஆசியாவில் வாழ்ந்த யூதராக வரையப்பட்டிருக்கிறாரா? நல்லவர்கள் எல்லாரும் வெளுத்தும் கெட்டவர்கள் எல்லாரும் கறுத்தும் இருக்கிறார்களா? வரிகள் எதையும் சொல்லாவிட்டாலும் படம் சொல்லிவிடும். சிங்கக் குகையில் தானியேலை இளைஞராக வரைவதும் வழக்கம். சிறைப்பட்டுப் போனபோது அவர் இளைஞர். குகையில் போடப்பட்டதோ பாபிலோன் வீழ்ந்த பிறகு, கிட்டத்தட்ட எண்பது வயதில். தாடி நரைத்த தானியேலை வரைந்த ஓவியரைக் கண்டால் அந்தப் புத்தகத்தின் மீது எனக்குத் தனி மதிப்பு வந்துவிடும்.

பயமுறுத்துவதைப் பக்தி என்று எண்ணி எழுதப்பட்டவையும் உண்டு. பழைய நூல் என்பதாலேயே அது நல்ல நூல் என்று கொள்ள முடியாது. 1671இல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஜேன்வே வெளியிட்ட சிறுவர் நூல், பக்தியோடு வாழ்ந்து இளமையிலேயே இறந்துபோன பிள்ளைகளின் வரலாறுகளால் ஆனது. 1833இல் ஃபேவெல் லீ மார்ட்டிமர் சின்னஞ்சிறு குழந்தைகளுக்கென்று எழுதி, பல மொழிகளில் பெயர்க்கப்பட்ட சமயப் பாடநூலோ, குழந்தையின் உடல் நெருப்பில் விழுந்தால் எப்படியெல்லாம் சேதமாகும் என்று தொடக்கத்திலேயே விவரிக்கிறது. பிள்ளைகளின் சாவு வீட்டுக்கு வீடு நிகழ்ந்த காலத்தில் அவற்றுக்கு ஒரு காரணம் இருந்திருக்கலாம். இன்று நான்கு வயதுப் பிள்ளைக்கு நரகத்தின் படத்தைக் காட்டினால் மிஞ்சுவது தூக்கம் கெடுவது மட்டுமே. ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடச் சென்ற கதையையும் இந்த வயதுக்கான நூலில் நான் எதிர்பார்ப்பதில்லை. அப்பா என்னையும் அப்படிச் செய்வாரா என்ற கேள்வி எழாமல் அதைச் சொல்வது மிகக் கடினம்.

ஏழு முதல் ஒன்பது வரை

தானாகப் படிக்கத் தொடங்கும் வயது என்பதால் முதலில் மொழியைச் சோதிக்க வேண்டும். பிள்ளையை ஒரு பக்கம் படிக்கச் சொல்லி, தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால், அது இப்போதைக்கு நீங்கள் உரக்கப் படித்துக் காட்ட வேண்டிய புத்தகம். மொழிபெயர்ப்பு நூலானால் நீங்களே ஒரு பக்கத்தை உரக்கப் படித்துப் பாருங்கள். வாக்கியத்தை மனதுக்குள் திருத்தித் திருத்தித்தான் வாய்விட்டுச் சொல்ல முடிகிறதென்றால், பிள்ளை அதை இரண்டாம் முறை எடுக்காது. நம்மிடம் புழங்கும் கிறிஸ்தவச் சிறுவர் நூல்களில் பாதிக் குறை கருத்தில் இல்லை, இந்த மொழிநடையில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

பிள்ளை தானாகப் படிக்கத் தொடங்கியதும் உரக்கப் படித்துக் காட்டுவதை நிறுத்திவிடுவது பெற்றோர் பலரின் வழக்கம். கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் படித்துப் புரிந்துகொள்ளும் திறனைவிட இந்த வயதில் வெகுவாக முன்னே இருக்கிறது. ஆகவே தானே படிக்க எளிய நூல் ஒன்று, நீங்கள் படித்துக் காட்டக் கனமான நூல் ஒன்று என இரண்டு வகையாக வாங்கலாம். சி. எஸ். லூயிஸ் 1950 முதல் 1956 வரை வெளியிட்ட, நார்னியா என்ற மாய உலகைப் பற்றிய ஏழு கதைகள் இந்த இரண்டாம் வகைக்குப் பொருந்துபவை. சூனியக்காரி வருகிறாளே என்று தயங்கும் பெற்றோர் உண்டு. மாயக் கதையில் பார்க்க வேண்டியது, தீமை தீமையாகவே காட்டப்படுகிறதா, அதன் வசீகரம் கடைசியில் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதைத்தான். அந்த அளவுகோலில் சூனியக்காரி இருக்கும் கதை தேறிவிடக்கூடும். தேவதூதர் நிறைந்த கதை தோற்றுவிடக்கூடும்.

இந்த வயதில் கதைப்புத்தகங்கள் மிகுதியாகச் சந்தையில் இருக்கின்றன. அவற்றில் அடிக்கடி காணும் ஒரு கோளாறைச் சொல்லியாக வேண்டும். சிறுமி ஒருத்தி தன் நாய்க்குட்டியைத் தொலைத்துவிடுகிறாள், முழங்காலிட்டு ஜெபிக்கிறாள், அடுத்த பக்கத்தில் வாசலில் நாய்க்குட்டி வாலாட்டி நிற்கிறது. இப்படிப்பட்ட கதை ஒன்று இருந்தால் தவறில்லை. இருபது கதைகளும் இப்படியே முடிந்தால், பாட்டிக்காக ஜெபித்தும் பாட்டி இறந்துபோன பிள்ளைக்கு அந்தப் புத்தகத்தில் இடமே இல்லை. என் ஜெபத்தில்தான் ஏதோ குறை என்ற முடிவுக்கு அது வரும். பவுல், தன் மாம்சத்தில் ஒரு முள் என்று சொன்ன வேதனை நீங்கும்படி மூன்று தரம் வேண்டியும் அது நீங்கவில்லை. கெத்செமனேயில் இயேசுவே பாடுகளின் பாத்திரம் தன்னைவிட்டு நீங்க வேண்டும் என்று கேட்டார். கேட்டது கிடைக்காத ஒரு ஜெபமாவது உள்ள புத்தகத்தைத் தேடிப் பிடியுங்கள்.

கீழ்ப்படிதலைப் போதிக்கும் கதைகளிலும் ஒரு கவனம் வேண்டும். பெரியவர்கள் சொல்வதையெல்லாம் கேள்வி கேட்காமல் செய்வதே பக்தி என்று சொல்லும் புத்தகம் பிள்ளையின் பாதுகாப்புக்கே கேடு. தவறான காரியத்தைச் செய்யச் சொல்லும் பெரியவருக்கு, அவர் ஆலயத்தில் எந்தப் பொறுப்பில் இருப்பவரானாலும், மாட்டேன் என்று சொல்லலாம் என்பதற்கும் இடம் இருக்க வேண்டும். பார்வோன் சொல் கேளாத மருத்துவச்சிகளின் கதையும், ராஜாவின் சிலையை வணங்க மறுத்த மூன்று இளைஞரின் கதையும் வேதாகமத்திலேயே இருக்கின்றனவே.

எட்டு, ஒன்பது வயதில் முழு வேதாகமம் ஒன்றைச் சொந்தமாகக் கொடுக்கலாம். தொடர்ந்து படிக்க எளிய நடை மொழிபெயர்ப்பும், மனப்பாடத்துக்கு ஆலயத்தில் கேட்கும் மொழிபெயர்ப்பும் என்று இரண்டும் வீட்டில் இருப்பது நல்லது. ஆதியாகமத்திலிருந்து வரிசையாகப் படிக்கச் சொன்னால் லேவியராகமத்தில் மூடி வைத்துவிடுவார்கள். நற்செய்திகளில் மிகச் சிறியதான மாற்கின் பதினாறு அதிகாரங்கள், பிறகு நான்கே அதிகாரமுள்ள ரூத், அதே அளவான யோனா என்று தொடங்குவது எளிது.

பத்து முதல் பன்னிரண்டு வரை

வாழ்க்கை வரலாறுகளின் காலம் இது. உண்மையாகவே நடந்ததா என்று கேட்கும் பிள்ளைக்கு உண்மையாக நடந்ததைக் கொடுக்க வேண்டும். ஆனால் மிஷனரி வரலாறுகள் என்ற பெயரில் வருபவற்றில் தரம் மிகவும் வேறுபடுகிறது. அசலான நிகழ்ச்சியையும் ஆசிரியரின் கற்பனை உரையாடலையும் பிரித்துக் காட்டுகிறதா என்பது முதல் சோதனை. வேல்ஸ் நாட்டுச் சிறுமி மேரி ஜோன்ஸ் 1800ஆம் ஆண்டு, பதினைந்து வயதில், ஒரு வேதாகமம் வாங்குவதற்காகச் சுமார் 40 கிலோமீட்டர் நடந்து பாலா என்ற ஊரிலிருந்த போதகர் தாமஸ் சார்ல்ஸிடம் போனாள். 1804இல் பிரிட்டிஷ் வேதாகமச் சங்கம் உருவானதற்கு அந்த நிகழ்ச்சி ஒரு தூண்டுதலாகச் சொல்லப்படுகிறது. வழியில் அவள் என்ன நினைத்தாள், யாரிடம் என்ன பேசினாள் என்பவை பிற்காலத்தார் சேர்த்தவை. நல்ல நூல் இதைப் பின்குறிப்பிலாவது சொல்லும்.

குறைகளை மறைக்காமல் இருப்பது இரண்டாவது சோதனை. வங்காளத்தில் மிஷனரியாக இருந்த வில்லியம் கேரியைப் பற்றி எழுதுபவர்கள், 1812இல் செராம்பூர் அச்சகத்தில் பற்றிய தீ பல ஆண்டு மொழிபெயர்ப்புக் கையெழுத்துப் பிரதிகளை எரித்ததையும் அவர் மறுபடி தொடக்கத்திலிருந்து ஆரம்பித்ததையும் விரிவாக எழுதுவார்கள்; எழுத வேண்டிய செய்திதான். அவருடைய மனைவி டோரத்தி மகனை இழந்து, மனநோயால் பல ஆண்டுகள் துன்புற்று இறந்ததை எத்தனை சிறுவர் நூல்கள் சொல்கின்றன என்று பாருங்கள். பதினொரு வயதுப் பிள்ளை அதைத் தாங்கும். அப்பழுக்கில்லாத வீரர்களை மட்டுமே படித்து வளர்ந்தவன், பின்னாளில் ஒரு போதகரின் குறையைக் கண்டதும் விசுவாசத்தையே தூக்கி எறியும் அபாயம் இருக்கிறது.

மூன்றாவதாக, மிஷனரி சென்ற நாட்டு மக்கள் எப்படிக் காட்டப்படுகிறார்கள் என்று பாருங்கள். பழைய நூல்களில் அவர்கள் 'இருளில் கிடந்த காட்டுமிராண்டிகள்'. அவர்களுக்குப் பெயரும் இல்லை, பேச்சும் இல்லை. மிஷனரிக்கு மொழி கற்பித்தவர், ஆபத்தில் ஒளித்து வைத்தவர், கூட மொழிபெயர்த்தவர் ஆகிய உள்ளூர்க்காரர்கள் பெயரோடு வரும் புத்தகமே முழு வரலாறு. பிற சமயத்தவரை ஏளனம் செய்து சிரிக்க வைக்கும் புத்தகத்தைத் தயங்காமல் திருப்பி வைத்துவிடுங்கள். வகுப்பில் பக்கத்து இருக்கையில் உட்காரும் நண்பனைப் பிள்ளை நாளைக்கு அந்தக் கண்ணால்தான் பார்க்கும்.

தினத் தியான நூல்களும் இந்த வயதில்தான் கைக்கு வருகின்றன. அவற்றில் ஒரு வசனத்தை எடுத்து, அது சொல்லப்பட்ட இடத்தில் வைத்துப் பாருங்கள். 'என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு' என்ற பிலிப்பியர் 4:13ஐப் பரீட்சையில் முதல் மதிப்பெண் வாங்கவும் ஓட்டப்பந்தயத்தில் ஜெயிக்கவும் பயன்படுத்தும் நூல்கள் ஏராளம். பவுல் அதைக் காவலில் இருந்துகொண்டு, பசியிலும் நிறைவிலும் ஒரேவிதமாக வாழக் கற்றுக்கொண்டதைப் பற்றி எழுதினார். தோற்றுப்போன பிள்ளைக்கும் அந்த வசனம் உரியது என்று சொல்லும் தியான நூலைத் தேர்ந்தெடுங்கள்.

ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட மோட்சப் பயணக் கதையைச் சுருக்கப் பதிப்பாக இந்த வயதில் கொடுக்கலாம். பிள்ளைகளுக்காக எழுதப்படாவிட்டாலும் பிள்ளைகள் தமதாக்கிக்கொண்ட நூல் அது. அரக்கனும் சண்டையும் மட்டும் மிஞ்சி, சிலுவையடியில் சுமை கழன்று விழும் காட்சி சுருங்கிப்போன பதிப்பாக இருந்தால் வேறு பதிப்பைப் பாருங்கள்.

பதின்மூன்றுக்கு மேல்

இனித் தேர்வு உங்களுடையது மட்டுமல்ல. சந்தேகம் கொள்வதே பாவம் என்று வாயை அடைக்கும் நூலும், எல்லாக் கேள்விக்கும் மூன்றே வரியில் வெற்றிகரமாகப் பதில் சொல்லிவிடும் நூலும் பதின்ம வயதினரிடம் செல்லுபடியாகா. எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு எடுத்து வைத்துவிட்டுப் பதில் சொல்கிறதா என்று பாருங்கள். நேர்மையான தன்வரலாறு இந்த வயதில் வாதத்தைவிட ஆழமாக இறங்கும். பழங்காலத் திருச்சபையின் ஆயர் அகுஸ்தீன் தம் ஒப்புதல் நூலில், பதினாறு வயதில் நண்பர்களோடு சேர்ந்து பேரிக்காய் திருடியதை எழுதுகிறார். பசியில்லை, வீட்டில் அதைவிட நல்ல பழம் இருந்தது, திருடியதைப் பன்றிகளுக்கு எறிந்தார்கள், தனியாக இருந்தால் செய்திருக்க மாட்டேன் என்கிறார். ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய அந்தப் பக்கத்தைப் படிக்கும் பதினைந்து வயதுப் பையனுக்கு விளக்கவுரை வேண்டாம். நாத்சி முகாமிலிருந்து உயிர் தப்பிய கொர்ரி டென் பூமின் வரலாறும், ஹிட்லரை எதிர்த்து 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்ட ஜெர்மானியப் போதகர் போன்ஹோஃபரின் வரலாறும் இந்த வயதுக்கே உரியவை. பத்து வயதில் கொடுத்தால் முகாமின் கொடுமை மட்டுமே நினைவில் தங்கும்.

காதல், உடல், தூய்மை பற்றிய அறிவுரை நூல்களை மகனுக்கோ மகளுக்கோ கொடுக்கும் முன் நீங்கள் கட்டாயம் முழுமையாகப் படிக்க வேண்டும். பெண்ணின் உடைதான் ஆணின் பாவத்துக்குக் காரணம் என்றோ, ஒருமுறை தவறியவர் இனி பயன்படமாட்டார் என்றோ சொல்லும் நூல், நற்செய்தியின் எதிர்ப்பக்கத்தில் நின்று எழுதப்பட்டது.

இத்தனைக்குப் பிறகும் பொருந்தாத புத்தகம் ஒன்று பரிசாக வீட்டுக்குள் வந்துவிடும். பெரும்பாலும் அன்புள்ள உறவினர் ஒருவர் முதல் பக்கத்தில் பெயரெழுதிக் கொடுத்திருப்பார். அதை ஒளித்து வைத்தால் பிள்ளை அதைத்தான் தேடும். பயமுறுத்தும் நூலானால் சில ஆண்டுகள் அலமாரியின் மேல்தட்டில் இருக்கட்டும். கதையைத் திருப்பிவிட்ட நூலானால், பிள்ளைக்கு எட்டு வயதாகியிருந்தால், கூட உட்கார்ந்து படித்து, லூக்கா 19ஐத் திறந்து, யார் முதலில் யாரைக் கூப்பிட்டது என்று பிள்ளையையே தேடச் சொல்லலாம். ஏளனமும் வெறுப்பும் நிறைந்த நூலானால், இது ஏன் நம் வீட்டில் இருக்காது என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு அகற்றிவிடுங்கள். வேறொரு பிள்ளையின் கைக்குப் போகும்படி நூலகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்துவிட வேண்டாம்.